குமிழிக்குள் பேசுவது யார்?

மன்னார்த் தீவில் மலை கிடையாது. தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து மன்னார்ப் பாலம் வரை மணலும் பனையும் உடைமரமும் உவர்நிலமும்தான். ஆனாலும் அங்கேயுள்ள தரம் மூன்று பிள்ளையிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, "விருப்பமானதைக் கீறு" என்று சொன்னால், பெரும்பாலும் வருவது இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், அடிவாரத்தில் ஓர் ஓட்டுவீடு, வீட்டோரமாக வளைந்தோடும் ஆறு. கொழும்பிலும் கோயம்புத்தூரிலும் இதே படந்தான். பாடப்புத்தகம், கரும்பலகை, போட்டியில் பரிசு வாங்கிய அக்காவின் சித்திரக்கொப்பி என்று கைமாறிக் கைமாறி வந்த படம் அது. பிள்ளையின் கைக்கு அது பழகிவிட்டது. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

அதே பிள்ளையிடம் நாலு கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, "மன்னார் பசாரில் திரிகிற கழுதை ஒன்று பேசாலைக்கு பஸ் ஏறினால் என்ன நடக்கும்?" என்று கேட்டுப் பார்க்கலாம். இப்போது மலை உதவாது. பஸ்ஸின் கதவு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, கொண்டக்டர் எங்கே நிற்பார், கழுதையின் காது எவ்வளவு நீளம், அது ரிக்கற் கேட்டால் பக்கத்தில் இருக்கும் மீன்கூடைக்காரப் பெரியம்மா என்ன சொல்லுவா என்றெல்லாம் யோசித்தாக வேண்டும். கதை நகர்வதற்கு விவரம் தேவைப்படுகிறது. விவரத்துக்குப் பிள்ளை தன் ஊரையே திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளைச் சித்திரக்கதை எழுதிக் கீற வைக்கும் முறைக்கு இருக்கிற முதல் பலம் இதுவே. அதன் மற்றப் பலங்களும் பலவீனங்களும் இவ்வளவு நேரானவை அல்ல.

இந்த முறை புதிதாக முளைத்ததென்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. ஐரோப்பியச் சித்திரக்கதையின் தந்தை என்று சொல்லப்படும் ரொடோல்ஃப் டொப்ஃபர், ஜெனீவாவில் விடுதிப் பாடசாலை நடத்திய வாத்தியார். 1827இல் அவர் கீறிய முதல் கதையை முதலில் பார்த்துச் சிரித்தவர்களில் அவருடைய மாணவர்களும் அடக்கம். சித்திரக்கதை வகுப்பறைக்கு வெளியிலிருந்து வந்த விருந்தாளி என்ற எண்ணம் இதனாலேயே அடிபட்டுப் போகிறது. நம் காலத்தில் 2001இல் நியூயோர்க்கில் மைக்கேல் பிட்ஸ் தொடங்கிய கொமிக் புத்தகத் திட்டம், நகர்ப்புற ஏழைப் பிள்ளைகள் பாடசாலை நேரத்துக்குப் பிறகு தங்கள் வாழ்க்கையையே கொமிக்ஸாகச் செய்ய வழிவிட்டது. அங்கே ஒரு விதி இருந்தது: முதலில் கதையைத் திட்டமிட்டு எழுத வேண்டும், பிறகுதான் கீற வேண்டும்.

இந்தியாவில் ஷரத் சர்மாவின் வேர்ல்ட் கொமிக்ஸ் இந்தியா அமைப்பு செய்தது இன்னும் எளிமையானது. இரண்டு ஏஃபோர் தாளை ஒட்டி ஒரு சுவரொட்டி, அதில் நாலு கட்டம், கறுப்பு மை, பிறகு போட்டோக்கொப்பி. சித்திரம் படிக்காத கிராமத்து ஆட்களே கதையை எழுதிக் கீறுவார்கள். கீறியதை ஊரிலுள்ள சிலரிடம் காட்டி விளங்குகிறதா என்று பார்த்துத் திருத்திவிட்டுத்தான் சுவரில் ஒட்டுவார்கள். ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் பெண்பிள்ளைகளின் உரிமைக்காக இப்படியொரு இயக்கமே நடந்தது. மன்னார் போன்ற இடத்துக்கு நியூயோர்க்கின் முறையைவிட இந்த முறைதான் பொருந்தும். கலர் பிறின்ரர் வேண்டாம், கணினி வேண்டாம், ஒரு போட்டோக்கொப்பிக் கடை போதும். அதையும் தாண்டிச் சுருக்க வேண்டுமென்றால், ஒரே ஏஃபோர் தாளை மூன்று முறை மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் கிடைத்துவிடும். பசையும் தேவையில்லை, ஸ்ரேப்ளரும் தேவையில்லை.

செலவு குறைவு என்பதற்காக ஒரு முறையைப் பாராட்டிவிட முடியாது. எழுத்தறிவுக்கு அது என்ன தருகிறது என்பதே கேள்வி. இங்கேதான் தமிழுக்கே உரிய ஒரு விஷயம் குறுக்கிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் அதைக் காண முடியாது.

ஆரம்பப் பாடசாலைத் தமிழ்ப் பிள்ளை இரண்டு தமிழுக்கு நடுவே நிற்கிறது. வீட்டில் "அப்பா கடலுக்குப் போட்டார்." கொப்பியில் "அப்பா கடலுக்குச் சென்றுவிட்டார்." முதல் வசனத்தைக் கொப்பியில் எழுதினால் சிவப்பு மை விழும். இரண்டாவதை வீட்டில் சொன்னால் தங்கச்சி சிரிப்பாள். எழுதத் தொடங்குகிற வயதில், தனக்குத் தெரிந்த தமிழ் எழுத்துக்கு லாயக்கில்லாதது என்ற பாடத்தைத்தான் பிள்ளை முதலில் கற்றுக்கொள்கிறது. "எனது பாடசாலை" என்று கட்டுரை எழுதச் சொன்னால் எல்லாக் கொப்பியிலும் ஒரே ஐந்து வசனம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். பிழை வராத வசனங்கள் அவை மட்டுந்தான்.

சித்திரக்கதையின் பேச்சுக் குமிழி இந்தப் பூட்டைத் திறக்கிறது. அங்கே எழுதப்படுவது பேச்சு. பேச்சு பேச்சாகவே இருக்க வேண்டும் என்பது வடிவத்தின் சட்டம். ரீச்சர் விட்டுக்கொடுத்த சலுகை இல்லை. கழுதை "அண்ணை, ஒரு பேசாலை" என்றுதான் கேட்கும். "ஐயா, பேசாலைக்கு ஒரு பயணச்சீட்டுத் தாருங்கள்" என்று கேட்டால் அது பாடப்புத்தகத்திலிருந்து தப்பி வந்த கழுதை. எருக்கலம்பிட்டிப் பிள்ளை எழுதும் குமிழியில் வாப்பாவும் ராத்தாவும் வருவார்கள். பள்ளிமுனைப் பிள்ளையின் குமிழியில் வேறு முறைப்பெயர்கள். ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் பேச்சு வேறுபாடு அப்படியே தாளில் இறங்கும். கட்டுரைக் கொப்பியில் அதற்கு இடமில்லை.

பேச்சுத் தமிழை எழுத்தில் கொண்டுவருவதை அவமானமாக நினைப்பவர்கள் இன்றும் உண்டு. இந்தச் சண்டையை ஈழத்து இலக்கியம் 1960களின் தொடக்கத்திலேயே போட்டு முடித்துவிட்டது. முற்போக்கு எழுத்தாளர்கள் சாதாரண மக்களின் பேச்சைக் கதைகளில் எழுதியபோது, அதை இழிசனர் வழக்கு என்று மரபுவாதிகள் தள்ளினார்கள். வாதப் பிரதிவாதம் பத்திரிகைகளில் நெருப்பாக எரிந்தது. பேச்சுமொழிதான் வென்றது. அதே ஆண்டுகளில், 1963இல், சி. சிவஞானசுந்தரம் 'சிரித்திரன்' சஞ்சிகையைத் தொடங்கினார். அவருடைய கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித்தம்பர் பேசிய யாழ்ப்பாணத் தமிழை எந்த இலக்கணகாரரும் திருத்தத் துணியவில்லை. திருத்தினால் பகிடி செத்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். மன்னார்க் கரையோரத்துக்கும் அப்படியொரு முன்னோடி உண்டு. எஸ்.ஏ. உதயனின் 'லோமியா', 'வாசாப்பு' போன்ற நாவல்கள் இந்தக் கரையின் மனிதர்களை நாவலுக்குள் கொண்டுவந்தன. பெரியவர்களுக்குக் கிடைத்த இந்த உரிமை எட்டு வயதுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

மறுப்பவர்களிடமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைத் தட்டிவிடக்கூடாது. பேச்சுத் தமிழுக்கு நிலைத்த எழுத்துக்கூட்டல் இல்லை. வாறனா, வாறேனா? சொல்லுறனா, சொல்லிறனா? ர-ற, ல-ழ-ள, ந-ன-ண குழப்பமே இன்னும் தீராத பிள்ளைக்கு இது இன்னொரு சுமை. தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சையில் "போட்டார்" என்று எழுதினால் யாரும் புள்ளி தரப்போவதில்லை. கொட்டில் வீட்டில் மேசையில்லாமல் படிக்கும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ்தான் மேலே ஏறும் படி. அந்தப் படியைத் தாமதிக்க வைப்பது முற்போக்கு ஆகாது.

இதற்கான விடை வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் சுவாரசியம். சித்திரக்கதைக் கட்டத்தில் எழுத்துக்கு இரண்டு இடம் உண்டு. மேலே ஒரு பெட்டி: "மறுநாள் காலை, மன்னார் பஸ் நிலையத்தில்…" கீழே குமிழி: "அண்ணை, ஒரு பேசாலை." பெட்டிக்குள் எழுத்துத் தமிழ், குமிழிக்குள் பேச்சுத் தமிழ். சிவப்பு மை பெட்டிக்குள் மட்டும் போகலாம், குமிழிக்குள் போகக்கூடாது என்று ஒரு ரீச்சர் தனக்குத்தானே எல்லை போட்டுக்கொண்டால், ஒரே கட்டத்துக்குள் பிள்ளை இரண்டு தமிழையும் மாறி மாறிக் கையாளப் பழகும். எது எங்கே பொருந்தும் என்பது விளங்கும். மன்னார் ஆசிரியர் இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வெளியில் உதாரணம் தேட வேண்டியதில்லை. கூத்தில் கட்டியகாரன் வந்து அறிவிப்பது பெட்டி. பிறகு வரும் பாத்திரம் தன் வாயால் பேசுவது குமிழி.

கூத்து இங்கே உதாரணத்துக்காக மட்டும் வரவில்லை. படமும் சொல்லும் வரிசையாகச் சேர்ந்து கதை சொல்வது மன்னார்க் கரைக்குப் பழக்கமான விஷயம். பேசாலையின் உடக்குப்பாஸ், பொம்மைகளைக் கொண்டு இயேசுவின் பாடுகளைக் காட்சி காட்சியாக நிகழ்த்தும் மரபு. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு பாங்கில் ஆடப்பட்ட கத்தோலிக்கக் கூத்துகளும், அவற்றைச் சுருக்கிய வாசகப்பாக்களும் இப்பகுதியின் சொத்து. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்த 'என்றீக் எம்பரதோர்', 'மூவிராசாக்கள்', 'ஞானசவுந்தரி' நாடகங்கள் மன்னாரிலிருந்து போனவைதான். இதைவிட முக்கியமானது, ஒவ்வொரு கோயில் சுவரிலும் மாட்டியிருக்கும் சிலுவைப்பாதை. 14 நிலைகள், 14 படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு நகர்ந்து செபிக்கும் பிள்ளைக்கு, கட்டத்திலிருந்து கட்டத்துக்குக் கதை நகர்வதை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தப் பழக்கம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதில்தான் பல பயிற்சிகள் சறுக்குகின்றன. படத்தை யார் பார்த்தாலும் விளங்கும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. 1970களில் நேபாளக் கிராமங்களில் யுனிசெப்புக்காகச் செய்யப்பட்ட ஆய்வில், படங்களை முன்பின் கண்டு பழகாதவர்கள் தொடர்படங்களை இடமிருந்து வலமாகப் பார்ப்பார்கள் என்றுகூட எதிர்பார்க்க முடியவில்லை. மொழியியலாளர் நீல் கோன் 2020இல் எழுதிய நூலொன்றின் வாதமும் இதுதான்: சித்திரக்கதையை வாசிப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வாசிப்பே. தென்னிலங்கையில் 1970களில் சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகைகள் கொடிகட்டிப் பறந்தன. தமிழ்நாட்டில் 1972இல் முத்து கொமிக்ஸும் 1984இல் லயன் கொமிக்ஸும் வந்தன. சிவகாசியில் அச்சான இரும்புக்கை மாயாவியை வைத்துப் படித்த தலைமுறை இப்போது பேரப்பிள்ளை காண்கிறது. இன்றைய மன்னார்ப் பிள்ளை அச்சில் பார்த்த சித்திரக்கதை எத்தனை? ரீவியிலும் அம்மாவின் போனிலும் கார்ட்டூன் ஓடுகிறது, சரி. ஓடுகிற படத்தில் கட்டம் இல்லை, இடைவெளி இல்லை, குமிழி இல்லை. ஒரு சித்திரக்கதையையும் வாசித்திராத பிள்ளையைச் சித்திரக்கதை எழுதச் சொல்வது, வெள்ளைத்தாளைக் கொடுத்து மலையை வாங்கிக்கொள்வதில்தான் முடியும். முதல் சில வகுப்புகள் வாசிப்புக்கே போக வேண்டும்.

இரண்டாவது குறை மொழிக்குள் இருக்கிறது. இதை இந்த முறையின் ஆதரவாளர்கள் பேசுவது குறைவு. தமிழில் கதை ஓடுவது வினையெச்சத்தில். "வலையை ஏற்றி, எஞ்சினைப் பூட்டி, மூன்று பேருமாய்ப் போய், விடியும்வரை கிடந்து, வெறுங்கையோடு திரும்பினார்கள்." ஒரு முற்று, முன்னால் நாலு எச்சம். இந்தச் சங்கிலியைக் கோக்கப் பழகுவதுதான் தரம் மூன்றிலிருந்து ஐந்து வரையான எழுத்துப் பயிற்சியின் சாரம். சித்திரக்கதையில் இதே விஷயம் ஐந்து கட்டமாகிவிடும். கட்டங்களுக்கு நடுவேயுள்ள இடைவெளி எச்சத்தின் வேலையைத் தானே செய்துவிடுகிறது. "என்று சொன்னான்", "என்று நினைத்தாள்" தேவையில்லை, குமிழி போதும். "ஆனால்", "அதனால்", "இருந்தாலும்" தேவையில்லை, முகத்தில் ஒரு கோடு போதும். பிள்ளை கதை சொல்லக் கற்றுக்கொள்கிறது, உண்மைதான். வசனத்தைத் தொடுக்கக் கற்றுக்கொள்கிறதா? சித்திரக்கதையை மட்டும் வைத்து எழுத்து வளர்ந்துவிடும் என்று சொல்பவர் மிகைப்படுத்துகிறார்.

கீறி முடித்த கதையைத் தாளைப் பார்க்காமல் வாயால் சொல்ல வைத்து, பிறகு ஒரே பந்தியாக எழுத வைத்தால் இந்தக் குறையில் பாதி தீரும். கட்டங்கள் இப்போது குறிப்பாகிவிடும். அடுத்து என்ன எழுதுவது என்று பென்சிலைக் கடிக்கும் நேரம் மிச்சம். அமெரிக்க அனுபவம் எழுதிவிட்டுக் கீறச் சொல்கிறது. தமிழ் ஆரம்ப வகுப்புக்குக் கீறிவிட்டு எழுதுவதும் சம அளவு தேவை.

குமிழிக்குள் தமிழ் அடங்காது என்று ஒரு முறைப்பாடும் கேட்கும். "போய்க்கொண்டிருந்தபோது" என்ற ஒரே சொல்லுக்குப் பாதிக் கட்டம் போய்விடும். பிள்ளைகள் முதலில் வட்டத்தைப் போட்டுவிட்டு, பிறகு எழுத்தை உள்ளே திணிப்பார்கள். கடைசி எழுத்துகள் எறும்பாகிவிடும். எழுதிவிட்டு அதைச் சுற்றிக் கோடு போடு என்று சொன்னால் சிக்கல் தீர்ந்தது. இடப்பற்றாக்குறை உண்மையில் நல்லதே. ஒன்பது சொல்லை நாலாக்கப் பிள்ளை தானாகவே முயலும்.

"எனக்குக் கீறத் தெரியாது" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி இனி. தரம் ஒன்றில் இந்தப் பிள்ளை இருக்காது. தரம் நாலில் வகுப்புக்கு நாலைந்து பேர். அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் லிண்டா பரி விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களை நாலு வயதுப் பிள்ளைகளோடு சோடி சேர்த்து இருத்தியது இதற்காகத்தான். பயமில்லாமல் கோடு போடுவதை வளர்ந்தவர்கள் குழந்தைகளிடம் திரும்பக் கற்க வேண்டியிருந்தது. டொப்ஃபர் 1845இல் முகபாவங்களைப் பற்றி எழுதிய சிறு நூலில் காட்டியதும் இதையே: கதை சொல்ல அழகான படம் தேவையில்லை, நாலு கோட்டில் முகம் வந்துவிடும், கோட்டைக் கொஞ்சம் சாய்த்தால் கோபமும் வந்துவிடும். குச்சி மனிதர்கள் போதும் என்று ரீச்சர் கரும்பலகையில் தானே மோசமாகக் கீறிக் காட்டுவது பெரிய உதவி. நன்றாகக் கீறத் தெரிந்த சேர் ஒருவர் அழகாகக் கீறிக் காட்டினால் வகுப்பே உறைந்துபோகும்.

பார்த்துக் கீறுவதைப் பற்றியும் வீண் பயம் இருக்கிறது. டோரேமோனையும் சோட்டா பீமையும் பிள்ளை கீறினால் கற்பனை செத்துவிட்டது என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். 1977இல் பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் இளையோரின் படங்களை ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தபோது, ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கோ பார்த்த இன்னொரு படம் இருந்தது. பார்த்துத்தான் கற்கிறார்கள். தொல்லை, பார்ப்பதற்கு இருப்பது இரண்டே மாதிரி என்பதில் இருக்கிறது. சோட்டா பீம் கட்டுக்கரைக்குளத்தில் வரால் பிடிக்க இறங்கினால் அவன் பாதி மன்னார்க்காரன். விட்டுவிடலாம்.

இதுவரை சொன்ன குறைகள் எல்லாம் வகுப்பறைக்குள் தீர்க்கக்கூடியவை. தீர்க்கக் கடினமானது பெரியவர்களின் ஆசை. பிள்ளை சித்திரக்கதை கீறுகிறது என்று கேள்விப்பட்டதும் அடுத்த கேள்வி, "தொனிப்பொருள் என்ன?" டெங்கு ஒழிப்பு, பிளாஸ்டிக், போதை, சுற்றாடல், சமாதானம். இலங்கைப் பாடசாலைச் சித்திரப் போட்டிகளின் தலைப்புகளைப் பார்த்தாலே தெரியும், பிள்ளைகளின் தாள் அமைச்சுகளின் விளம்பரப் பலகையாக எவ்வளவு எளிதில் மாறுகிறது என்று. பார்மரில் நாலு கட்டம் கீறியவர்கள் தங்களைச் சுட்ட பிரச்சினையைத் தாங்களே பேசினார்கள். அந்தக் கருவியை எடுத்து, தொனிப்பொருளை மட்டும் மேலிருந்து கொடுத்தால், முதற் கட்டத்தில் குப்பை, இரண்டாவதில் நுளம்பு, மூன்றாவதில் காய்ச்சல், நாலாவதில் ரீச்சர் வந்து புத்தி சொல்லுவா. நாற்பது பிள்ளைக்கும் ஒரே கதை. இரண்டு மலையின் இடத்தில் இப்போது நாலு கட்டம், வித்தியாசம் அவ்வளவுதான்.

மன்னாரில் இந்த ஆபத்து கூடுதல். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனித் திட்டத்தின் 30 காற்றாலைகள் தீவின் தென்கரையில் நிற்கின்றன. புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் மக்கள் வீதிக்கு வந்தார்கள். இழுவைப்படகுப் பிரச்சினை பாக்குநீரிணையின் தீராத தலைவலி. மூன்றும் பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால் நடப்பவை. கதையில் வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். அவற்றைக் கீறச் சொல்லிக் கேட்பது வேறு விஷயம். சுழல்கிற இறக்கையில் பட்டம் மாட்டிக்கொண்டது என்று ஒரு பிள்ளை கீறினால் அது கதை. "காற்றாலை வேண்டாம்" என்றோ "காற்றாலை நாட்டின் வளம்" என்றோ கீறிக்கொண்டுவரச் சொன்னால் பிள்ளையின் கையில் பெரியவரின் பதாகை. இரு தரப்புக்கும் அந்தப் பதாகை இனிக்கும் என்பதால்தான் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

போர்க் காலப் படங்களில் இந்தப் பாடத்தை வடக்கும் கிழக்கும் ஏற்கெனவே கண்டிருக்கின்றன. உளவள வேலைத்திட்டங்கள் பல, பிள்ளைகளிடம் படம் கீறச் சொல்லி ஹெலிகொப்டரையும் இரத்தத்தையும் எதிர்பார்த்தன. படங்கள் அறிக்கைகளின் அட்டைக்கும் கண்காட்சிகளுக்கும் போயின. அந்தச் சூழலில் வேறு மாதிரி நடந்த ஓர் இடம் மட்டக்களப்பின் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. கனடாக் கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் 1996இல் தொடங்கிய இந்த இடத்துக்குத் தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் சேர்ந்து வந்தார்கள். களிமண், வர்ணம், கதை, நாடகம் என்று பல மாதம் தொடர்ந்து விளையாடினார்கள். ஒருநாள் பட்டறையும் மாலையில் சான்றிதழும் என்ற வழக்கத்திலிருந்து அது எவ்வளவு தள்ளி நின்றது என்பதைச் சித்திரக்கதைப் பயிற்சி நடத்த நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். இன்று மன்னாரில் ஆரம்பப் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். 1990 ஒக்ரோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும், 2007க்குப் பிறகு பெருநிலப் பக்கத்துக் கிராமங்கள் இடம்பெயர்ந்ததும் அவர்களுக்கு அப்பம்மா சொல்லும் கதை. அப்பம்மாவின் கதையைக் கீற விரும்புகிற பிள்ளை கீறட்டும். கழுதை பஸ் ஏறிய கதையைக் கீறும் பிள்ளையிடம் அதைக் கேட்டு வாங்கக்கூடாது.

நேரம், தாள் என்ற இரண்டு சில்லறைத் தடைகளையும் சொல்லிவிட வேண்டும். 2022 மார்ச்சில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திப்போயின. கொப்பி விலை அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆகவே பஸ்டல் பெட்டியும் பிரிஸ்டல் போட்டும் கேட்கும் எந்தத் திட்டமும் கரையோரப் பாடசாலையில் ஒரு தவணை தாண்டாது. பென்சிலும் ஒரு பக்கம் பாவித்த தாளும் போதும். நேரத்துக்குத் தனிப் பாடவேளை தேட வேண்டியதில்லை. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குள்ளேயே இதற்கு இடமிருக்கிறது.

யார் வாசிப்பது என்ற கேள்விக்கு மட்டும் சற்று நின்று விடை தேடலாம். ரீச்சர் மட்டும் வாசித்துச் 'சரி' போடுகிற கதைக்குப் பிள்ளை இரண்டாம் தரம் உழைக்காது. 1924இல் பிரான்சின் மலைக்கிராமமான பார்-சூர்-லூவில் செலஸ்தின் ஃப்றெனே ஒரு சிறிய அச்சியந்திரத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்து, பிள்ளைகளின் சொந்தக் கதைகளை அவர்களையே கோத்து அச்சிட வைத்தார். 1926இல் அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியிலுள்ள கடலோர ஊரான திறெகூங்கின் பாடசாலைக்குப் போகத் தொடங்கின. அங்கிருந்து பதிலுக்குக் கடல் வந்தது. முகம் தெரியாத வாசகன் ஒருவன் இருக்கிறான் என்றதும் எழுத்துப்பிழை பிள்ளைக்கே வெட்கமாகிவிடுகிறது. இந்தியாவில் ஏகலவ்யா நிறுவனம் 1985 முதல் நடத்தும் 'சக்மக்' ஹிந்திச் சிறுவர் சஞ்சிகையில் பிள்ளைகளின் எழுத்துக்கும் படத்துக்கும் என்றே பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன.

மன்னாரில் தூரம் தடையில்லை. பேசாலைப் பாடசாலையின் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகங்கள் எருக்கலம்பிட்டிக்கும், சிலாவத்துறையின் கதைகள் தலைமன்னாருக்கும் பஸ்ஸிலேயே போகலாம். வாப்பாவும் அப்பாவும் ஒரே கடலில் ஒரே மீனைத் தேடுவதைப் பிள்ளைகள் ஒருவர் குமிழியில் மற்றவர் வாசிப்பார்கள். நல்லிணக்கம் என்று தலைப்புப் போட்டு ஒரு போட்டி வைத்தால் கிடைக்காத விஷயம் அது. 2015இல் மறுபடி ஓடத் தொடங்கிய தலைமன்னார் ரயிலில் மலையகத்துப் பாடசாலை ஒன்றோடு மாற்றுவதும் நடக்கக்கூடியதே. உண்மையான மலை எப்படியிருக்கும் என்று ஹற்றன் பிள்ளை கீறி அனுப்பலாம்.

எந்தத் தரத்தில் தொடங்குவது என்பதில் பாடசாலைகளுக்கும் இந்த முறைக்கும் இடையில் இழுபறி இருக்கும். அதிபர்களைக் கேட்டால், புலமைப்பரிசில் முடிந்த பிறகு தரம் ஐந்துக்குச் செய்யலாம் என்பார்கள். அந்த மாதங்களில் பிள்ளைகள் சும்மாதான் இருக்கிறார்கள், யாரும் முறையிட மாட்டார்கள், ஒரு கண்காட்சியும் வைக்கலாம். வசதியான விடைதான். ஆனால் பரீட்சைக்காக இரண்டு வருடம் மாதிரி வினாத்தாள் செய்து களைத்த பிள்ளைக்குக் குமிழிக்குள் என்ன பேசுவது என்பது மறந்திருக்கும். சிவப்பு மை இல்லாத இடத்திலும் அது "சென்றுவிட்டார்" என்றே எழுதும். பேச்சுத் தமிழ் இன்னும் வாயில் சூடாக இருக்கும், எழுத்துத் தமிழ் கைக்கு வரத் தொடங்கும் காலம் தரம் மூன்று. அங்கே கிழமைக்கு ஒரு பாடவேளை கேட்டால் கொடுப்பதற்கு எத்தனை அதிபர்கள் துணிவார்கள் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. துணியாவிட்டால் இருக்கவே இருக்கிறது அடுத்த டெங்கு வாரப் போட்டி.